ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னது யார்?

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் சிரித்துவிட்டுப் போங்கள். இது பட்டப்பகலில் எனக்கு நடந்தது.

அன்று சனிக்கிழமை, எனக்கு லீவு. ஆனாலும் டீம் லீடர் காலையிலேயே போன் போட்டுக் கழுத்தை அறுத்தார். ஒரு டயாலிசிஸ் மையத்துக்கு நாங்கள் ஆப் செய்து கொடுத்திருக்கிறோம். நோயாளிக்கு அடுத்த முறை என்றைக்கு என்று அது காட்டும். அதில் தேதி, சர்வர் அனுப்புகிற மாதிரியே, நடுவில் ஒரு ‘டி’, கடைசியில் ஒரு ‘இசட்’ என்று கண்றாவியாக வருகிறதாம். ‘சனி, 14 ஜூன்’ என்று அழகாக வர வேண்டுமாம். அதுவும் நாலு மணிக்குள்! தேதி தப்பினால் ஒருவருக்கு ரத்தம் சுத்தம் செய்கிற நாளே தப்பிவிடும், ஜாக்கிரதை என்று உபதேசம் வேறு. எனக்குத் தெரியாதா?

ஆபீசில் நான் மட்டும்தான். 2.10-க்கு, தேதியைக் கையாளும் பழைய கோட் விதியைத் தூக்கிவிட்டு, சர்வர் ஆப்புக்குத் தேதியை அனுப்பும் இடத்தில் என் விதியை எழுதினேன். எரர். மறுபடி ஓட்டினேன். எரர். தலையைப் பிய்த்துக்கொள்ளலாம் போலிருந்தது. 2.40-க்கு ஒருவழியாக ஓடியது. நோயாளிப் பட்டியலில் மேலே நாலைந்து வரிகளைப் பார்த்தேன். எல்லாம் காலை நேர ஆட்கள். தேதி சரி.

சரியாக 2.47. ஆப்பில் உதவிக்கென்று நம்பர் கொடுத்திருக்கிற மேஜை போன் அடித்தது.

“தம்பி... என் முறை நாளைக்குத்தானே?”

வயதான குரல். மூச்சு வாங்கியது. பின்னால் தகரம் ஆடுகிற சத்தம். கடக்... கடக்...

“நம்பர் சொல்லுங்க.”

“இருநூத்தி ஏழு.”

திரையில் தேடினேன். 207. ஞாயிறு, 15 ஜூன்.

“ஆமாங்க, நாளைக்குத்தான். ஆப்லயே போட்டிருக்குல்ல?” என்று எரிந்து விழுந்துவிட்டு வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை அந்த மையம் திறப்பதே கிடையாது!

பட்டியலை முழுக்கப் பார்த்தேன். ஞாயிறு என்று நாற்பத்தோரு பேர். எல்லாரும் இன்று மாலை ஏழு மணி ஆட்கள். சர்வர் நேரத்தை நம் நேரமாக்கச் சில மணி கூட்ட வேண்டும். ஏற்கெனவே கூட்டியதன் மேல் நான் இன்னொரு தரம் கூட்டியிருக்கிறேன். மாலை ஏழு, நள்ளிரவைத் தாண்டி மறுநாள் ஆகிவிட்டது. மடையன் நான்!

நல்லவேளை, என் விதி இன்னும் ஆப்புக்குப் போகவில்லை.

போகவில்லையே... அப்புறம் அவருக்கு எப்படி ஞாயிறு என்று தெரிந்தது?

2.58. திருத்தி ஓட்டினேன். நாற்பது பேர் சனிக்கு வந்தார்கள்.

நாற்பதுதான்.

கூப்பிட்டுச் சொல்ல அவர் போன் நம்பர் வேண்டும். டேட்டாபேஸில் தேடினேன். 206. அடுத்தது... 208.

கீழே எங்கள் ஷட்டர் ஆடியது. கடக்...

எட்டிப் பார்த்தேன். தெருவில் ஆளே இல்லை.

கடக்... கடக்...

ஆப்பைச் சோதித்துப் பார்க்கிற எங்கள் டெஸ்டர் அக்காவுக்குப் போன் போட்டேன்.

“207-ஆ? நீ முதல்ல வெளிய வாடா.”

திருத்தியதை அனுப்பிவிட்டு, பின்படி வழியாக இறங்கி ஓடினேன்.

திங்கட்கிழமை அக்கா சொன்னார். மூன்று வருடத்துக்கு முன், ஆப் முதலில் வெளிவந்தபோதும் இதே தப்பு. சனிக்கிழமை போக வேண்டிய ஒரு பெரியவருக்கு ஞாயிறு என்று காட்டியிருக்கிறது. ஞாயிறு சாயங்காலம் மையத்தின் பூட்டிய ஷட்டரைப் பிடித்து ஆட்டிக்கொண்டே நின்றாராம். திங்கள் விடிவதற்குள் போய்விட்டார்.

“அந்த விதிய எழுதினதும் நீதான்டா. அந்தச் சனிக்கிழமை சாயங்காலமே நீ கல்யாண லீவுல போயிட்டே. லீடரே திருத்திட்டார். சனிக்கிழமை நீ தூக்கினது அவர் திருத்தினதத்தான். புது மாப்பிள்ளை, மனசு ஒடிஞ்சிடும்னு உங்கிட்ட யாரும் சொல்லல.”

“ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாமேக்கா அவரு?”

“கேட்டாரே.”

அக்கா பழைய ரெக்கார்டிங் ஒன்றைப் போட்டார். மூன்று வருடத்துக்கு முந்தைய அந்தச் சனிக்கிழமை, 2.47.

“தம்பி... என் முறை நாளைக்குத்தானே?”

“ஆமாங்க, நாளைக்குத்தான். ஆப்லயே போட்டிருக்குல்ல?”

அது என் குரல்.