கரடி விசாரணையில் கைநழுவிய கூடார இடம்

காலை முழுக்க ரெலிபோனோடு போராடி, வடக்கே உள்ள மாகாணப் பூங்காவின் முன்பதிவு அலுவலகத்தை ஒருவழியாகப் பிடித்தேன். நீண்ட வார இறுதிக்குக் கூடாரம் அடிக்க ஒரேயொரு இடம்தான் மிச்சம் என்றார் அங்கே ரெலிபோனை எடுத்த பெண்.

இரண்டு வேலை செய்யும் என் மனைவி மலருக்கு இந்தக் கோடையில் கிடைத்த லீவே அந்த மூன்று நாட்கள்தான். காட்டுக்குள் நடக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை.

நாங்கள் சேர்ந்து போகவிருந்த கார் எங்கள் நண்பர் ரவி அண்ணையுடையது. அவரும் பக்கத்தில்தான் இருந்தார்.

"அண்ணை, எடுக்கட்டோ?"

"பொறும் தம்பி. அங்க கரடி நிக்குமோ?"

அந்தப் பெண்ணிடம் கேட்டேன். நிற்குமாம். சாப்பாட்டைக் காருக்குள் வைத்துப் பூட்டினால் பயமில்லையாம்.

"கக்கூஸ் எவ்வளவு தூரம்? சோறு காய்ச்சக் கரண்ட் இருக்கோ? எதுக்கும் பிறம்ரனில இருக்கிற மச்சானை ஒருக்காக் கேப்பம்."

அதற்குள் அந்த இடத்தை வேறு யாரோ எடுத்துவிட்டதாக அந்தப் பெண் சொன்னார். ரிசீவரை வைத்தேன்.

மலர் என்னைத்தான் முறைத்தாள். "உவரை ஏன் கேட்டனீங்கள்?"

"சரி தம்பி, நாங்கள் வாறம் எண்டு சொல்லும்" என்றார் அண்ணை, அப்போதுதான்.

நாளைக்கு வேறு பூங்காவுக்கு ரெலிபோன் அடிக்கப் போகிறேன். இந்த மின்னஞ்சல் குழுவில், காரும் வைத்துக்கொண்டு ஒரு நிமிடத்தில் ஓம் சொல்லக்கூடிய தமிழர் யாராவது இருக்கிறீர்களா?