தாஹிரா தேடிய ஆயுத பூஜைப் பரிசு

ஆடி பிறந்துவிட்டால் தாஹிராவுக்கும் அவள் கணவர் கௌஸ் மொய்தீனுக்கும் உட்கார நேரமிருக்காது. ஓசூர் பாகலூர் சாலையில் அவர்களுக்குக் கடை. சிப்காட் கம்பெனிகள் ஆயுத பூஜைக்கும் தீபாவளிக்கும் தொழிலாளர்களுக்குக் கொடுக்கும் பரிசுப் பொருள்கள்தாம் வியாபாரம்: ஹாட்பாக்ஸ், எவர்சில்வர் தூக்கு, போர்வை, சுவர்க் கடிகாரம். பேசி விற்பது கௌஸின் வேலை. தமிழில் ஆரம்பித்து, எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து, கன்னடத்துக்கோ தெலுங்குக்கோ தாவிவிடுவார். தாஹிரா பொருளைப் பார்ப்பாள். கவிழ்த்துப் பார்ப்பாள், தையலை இழுத்துப் பார்ப்பாள், மூடியை மோந்து பார்ப்பாள். பிடிக்காவிட்டால் சத்தமாகச் சிரித்துவிடுவாள். அந்தச் சிரிப்புக்கு மொத்த வியாபாரிகள் பயந்தார்கள்.

அந்த வருடம் முதலில் வந்தவள் சுஜாதா. மூக்கண்டப்பள்ளி பக்கம் வண்டிகளுக்கு சீட் தயாரிக்கும் கம்பெனியில் தொழிலாளர் நலன் பார்ப்பவள்.

"அக்கா, போன வருஷம் குடுத்த பிளாஸ்டிக் செட்டு பொங்கலுக்குள்ள சாக்கடையில கெடந்துச்சு. இந்தத் தடவ மண்ணுக்கும் கெடுதல் இல்லாம, செஞ்சவங்களுக்கும் கெடுதல் இல்லாம ஏதாவது வேணும்னு எங்க மேனேஜர் சொல்றாரு. சாப்பாட்டுப் பை மாதிரி" என்றாள்.

கௌஸ் அந்த நிமிஷமே ஒரு கேட்டலாக்கை விரித்தார். பெங்களூரில் நல்ல பெயர் எடுத்துவரும் ஒரு பிராண்டு. பை மேல் சின்னதாகப் பச்சை இலை. 'பூமியை நேசிக்கும் கைகள் தைத்தது' என்று அட்டையில் அச்சாகியிருந்தது. சுஜாதாவுக்குப் பார்த்ததும் பிடித்துவிட்டது.

தாஹிரா சாம்பிள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தையலில் குறை இல்லை. "அந்தக் கைங்கள ஒரு தடவ பாத்துட்டு வந்துடலாமா?" என்றாள்.

"எதுக்கு? பைய வாங்கறமா, கைய வாங்கறமா?" என்றார் கௌஸ்.

"சுஜாதா ரெண்டையுந்தான கேக்குது."

அடுத்த வாரம் இரண்டு பெண்களும் அத்திப்பள்ளி செக்போஸ்டைத் தாண்டி அந்த பிராண்டின் தையல் யூனிட்டுக்குப் போனார்கள். முன்பக்கம் கண்ணாடி அறை, ஏசி, எலுமிச்சைப் புல் டீ. மேனேஜர் திரையில் படம் போட்டுக் காட்டினார். படத்தில் பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டே தைத்தார்கள். தைக்கும் ஹாலைப் பார்க்கலாமா என்று சுஜாதா கேட்டபோது, ஆடிட் நடக்கிறது, இன்றைக்கு முடியாது என்றுவிட்டார்.

தாஹிரா டீயைக் குடித்து முடித்தாள். "சார், கொஞ்சம் பாத்ரூம் போவணும்" என்றாள்.

அதை மறுக்க அவரால் முடியவில்லை. வாசலில் நின்ற பெண்ணைத் துணைக்கு அனுப்பினார். கண்ணாடி அறையை ஒட்டியிருந்த பாத்ரூமில் தண்ணீர் வரவில்லை. அந்தப் பெண் யோசித்துவிட்டு, பின்பக்கம் தொழிலாளர்களுக்கான பாத்ரூமுக்குக் கூட்டிப்போனாள். வழி தைக்கும் ஹால் நடுவே. உள்ளே ஒரு ஜன்னல் கூடத் திறந்திருக்கவில்லை. சாதாரண பாலியஸ்டர் பைகள் குவியல் குவியலாகக் கிடக்க, கடைசி வரிசையில் இருந்தவர்கள் அவற்றின் மேல் பச்சை இலை லேபிளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பாத்ரூம் கதவில் பூட்டு தொங்கியது.

"சாவி சூப்பர்வைசர்கிட்ட இருக்குதுங்க. கேட்டாத்தான் குடுப்பாரு. ரெண்டாவது தடவ கேட்டா திட்டுவாரு" என்றாள் துணைக்கு வந்தவள், தணிந்த குரலில்.

தாஹிரா சாவி கேட்கவில்லை. திரும்பி வந்து, மேனேஜருக்கு வணக்கம் சொல்லிவிட்டு சுஜாதாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்ட சுஜாதா சாலையோரமே நின்றுவிட்டாள். "படம் காட்டி ஏமாத்திட்டாங்களே அக்கா! நீங்க மட்டும் பாத்ரூம் கேக்கலன்னா?"

"எனக்கு நெசமாவே அவசரம். ஓட்டல் எங்க இருக்குது, மொதல்ல அதச் சொல்லு" என்றாள் தாஹிரா. இருவரும் ஓடினார்கள்.

கடைக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் கௌஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். பூஜை நெருங்குகிறது, வேறு யாரைப் பிடிப்பது? தாஹிரா சுஜாதாவிடம் வேறொன்று கேட்டாள். "உங்க கம்பெனியில சீட் துணி வெட்டுனது போக மிச்சம் என்னா பண்றீங்க?"

"ஸ்கிராப்புக்குப் போவுது. பாதி எரிச்சிடறாங்கன்னு கேள்வி."

"அது பத்து வருஷம் மனுசங்க உக்காந்தாலும் கிழியாத துணியாச்சே!"

துணி கிடைத்தது. தைக்க ஆள்? பக்கத்துக் கடைக்காரர் ஸ்கூல் யூனிபாரம் விற்பவர். அவருக்குத் தைத்துக் கொடுப்பவர்கள் மத்தூரில் சென்னம்மாளும் அவர் கூட்டாளிப் பெண்களும். பள்ளிக்கூடம் திறந்து சீருடை சீசன் முடிந்ததும் அவர்களுடைய மெஷின்கள் சும்மாதான் இருக்கும் என்றார் அவர். தாஹிராவும் சுஜாதாவும் ஒரு மூட்டை சீட் துணியோடு மத்தூர் பஸ் ஏறினார்கள்.

சென்னம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். நெல் மண்டிக்கு மேலே மாடியில், நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஹாலில் மெஷின்கள். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. வந்தவர்களை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்ததும் தாஹிரா, "பாத்ரூம் எங்க இருக்குதுங்க?" என்றாள்.

"அந்தா, நீலக் கதவு. போம்மா."

சுஜாதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தாஹிரா உள்ளே போய்விட்டு, வெளியே வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தாள். ஏன் சிரிக்கிறார்கள் என்று சென்னம்மாள் விடாமல் கேட்டார். சொன்னதும் ஹாலே குலுங்கியது.

"நாங்க சாவி கேக்கணும்னா யாரக் கேக்கறது? எல்லாருந்தான் மொதலாளி" என்றார் சென்னம்மாள். பிறகு சீட் துணியைக் கையில் எடுத்து இரு பக்கமும் பிடித்து இழுத்தார். கண்ணில் ஆசை தெரிந்தது. ஆனால் உடனே சரி சொல்லவில்லை. "எங்கள நல்லாப் பாத்துட்டீங்க. நாங்க உங்களப் பாக்க வேணாமா? உங்க கம்பெனியில வேல செய்யறவங்கள எப்பிடி நடத்தறாங்கன்னு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

இப்படி ஒரு கேள்வியை தாஹிரா எதிர்பார்க்கவில்லை. சுஜாதாதான், "வந்து பாருங்கம்மா. நானே கூட்டிட்டுப் போறன்" என்றாள்.

நாலு நாள் கழித்து மத்தூர் பெண்கள் எல்லோரும் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கம்பெனி வாசலில் வந்து இறங்கினார்கள். செக்யூரிட்டி, கல்யாணத்துக்கு வழி தவறி வந்துவிட்டார்களோ என்று சந்தேகப்பட்டான். அவர்கள் வெட்டும் இடம், தைக்கும் இடம், ஓய்வறை எல்லாவற்றையும் பார்த்தார்கள். பாத்ரூம் கதவுகள் திறந்துதான் இருந்தன. கேன்டீனில் சாப்பாடும் நன்றாக இருந்தது. சுஜாதா பெருமையோடு நடந்தாள்.

கேன்டீனில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த மாதம்மாளிடம் சென்னம்மாள் பேச்சுக் கொடுத்தார். "ஏங்கா, பூஜைக்குப் பை தரப் போறாங்களாமே, என்னா கலர் புடிக்கும் உனக்கு?"

"எங்களுக்கு ஏதுக்கா பை? நாங்க காண்ட்ராக்ட்டு. எங்களுக்கு ஸ்வீட் பாக்ஸு மட்டுந்தான்" என்றார் மாதம்மாள், கையை நிறுத்தாமல்.

சென்னம்மாள் திரும்பி சுஜாதாவைப் பார்த்தார். தாஹிராவும் பார்த்தாள். சுஜாதாவின் முகம் சிவந்துவிட்டது. அவள் நேராகத் தன் மேனேஜர் தீர்த்தகிரியின் அறைக்குப் போனாள். கதவுக்கு வெளியே மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

"காண்ட்ராக்ட் ஆளுங்களுக்குக் குடுக்கறது அவங்க காண்ட்ராக்டர் பொறுப்பும்மா" என்று உள்ளே தீர்த்தகிரி சொல்வது கேட்டது.

"சார், யாருக்கும் கெடுதல் பண்ணாத பரிசு வேணும்னு நீங்கதான சொன்னீங்க? அவங்க கழுவுன தட்டுலதான நாம சாப்பிடறம்?"

தீர்த்தகிரி கதவைத் திறந்துகொண்டு அவரே வெளியே வந்தார். வரிசையாக நின்ற மத்தூர் பெண்களைப் பார்த்ததும் திகைத்துப் போனார். "எல்லாருக்கும் தைக்க முடியுமாங்க உங்களால? கேன்டீன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, எல்லாருக்கும்?"

"துணி இருந்தா தைச்சிடுவம். ராத்திரியில மட்டும் மெஷின் ஓட்ட மாட்டம்" என்றார் சென்னம்மாள்.

"துணிக்கு என்னாங்க பஞ்சம், மலையாட்டம் கெடக்குது" என்று தீர்த்தகிரி சிரித்துவிட்டார்.

வேலை மும்முரமாக நடந்தது. மூன்றடுக்கு கேரியர் சாயாமல் நிற்க அடியில் இரண்டு மடிப்புத் துணி வைத்தார்கள். பழுதானால் மாற்ற முடியாத ஜிப் வேண்டாமென்று பட்டன் வைத்தார்கள். அட்டையில் 'இயற்கைப் பை' என்று போடலாமா என்று கேட்டாள் சுஜாதா. தாஹிரா சிரித்தாள். அந்தச் சிரிப்பு போதும், சுஜாதா அதோடு விட்டுவிட்டாள். கடைசியில், 'சீட் வெட்டிய மிச்சத் துணி. மத்தூரில் தைத்தது' என்று மட்டும் அச்சடித்தார்கள். கௌஸ்தான் இப்போது ஊரெல்லாம் பையின் பெருமையைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைக்கு வருகிறவர்களை முதலில் அந்தப் பையில் தொங்கிப் பார்க்கச் சொன்னார். ஒரு தடவை தானே தொங்கிக் காட்டப்போய், பை தாங்கிவிட்டது, மாட்டியிருந்த கொக்கி கழன்று வந்துவிட்டது.

ஆயுத பூஜையன்று மெஷின்களுக்கெல்லாம் வாழைக்கன்றும் சாமந்தி மாலையும். பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை கொடுத்து முடித்ததும் நீளமான மேஜைகளில் பைகளை அடுக்கினார்கள். மிச்சத் துணி என்பதால் ஒன்றைப்போல இன்னொன்று இல்லை. கறுப்பில் சிவப்புப் பட்டை, சாம்பலில் நீலம், ஒன்றில் நாலு நிறமும் சேர்ந்து. வரிசையாக வாங்கிப் போகச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மேஜையைச் சுற்றிக்கொண்டு எடுப்பதும் வைப்பதும் பக்கத்து ஆளோடு மாற்றிக்கொள்வதுமாக ஒரே இரைச்சல்.

பெயின்ட் பிரிவு ஆஞ்சப்பன் ஊதா நிறப் பை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "சென்னாகிதே, சென்னாகிதே!" என்று கன்னடத்தில் கத்தினார். நன்றாக இருக்கிறதாம். செக்யூரிட்டி அதைத் தனக்குக் கேட்டான். அவர் கொடுக்க மறுத்து மார்போடு அணைத்துக்கொண்டார்.

மாதம்மாள் கூட்டம் கலையட்டும் என்று ஓரமாக நின்றார். தாஹிரா போய் அவர் தோளைப் பிடித்து மேஜையின் முன்னால் தள்ளிவிட்டாள். "இங்க நின்னு பொறுக்குங்கக்கா. அவசரமே இல்ல."

மாதம்மாள் அவசரப்படவில்லை. ஒவ்வொரு பையாக எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார், பட்டனைப் போட்டுக் கழற்றினார், தோளில் மாட்டி இரண்டடி நடந்து பார்த்தார், பிடிக்காமல் திரும்ப வைத்தார். தீர்த்தகிரி தனக்கொன்று எடுக்கக் கையை நீட்டிவிட்டு, அவர் பார்த்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார். தாஹிராவின் பக்கத்தில் நின்ற சென்னம்மாள், "எடுக்க மாட்டாங்களாட்டம் இருக்குதே" என்று கவலையோடு கிசுகிசுத்தார்.

"எடுப்பாங்க. நல்லாப் பாக்கட்டும்" என்றாள் தாஹிரா.

மாதம்மாள் கடைசியில் மஞ்சளும் கறுப்புமான ஒரு பையை எடுத்தார். வைத்துவிட்டு இன்னொன்றைப் பார்த்தார். மறுபடி மஞ்சளையே எடுத்து, "இதான்" என்றார்.