கல்லறைத் தோட்டத்துப் புங்கங்கன்னு

எங்கண்ணனை நினைச்சா இன்னைக்கும் எனக்குப் பத்திக்கிட்டு வருது.

அப்பாவை எங்க ஊர்க் கல்லறைத் தோட்டத்துல அடக்கம் பண்ணியிருக்கோம். சுத்திப் பொட்டல், ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சா அம்மா நேரா அங்குட்டுப் போயி, அப்பா பக்கத்துல உட்கார்ந்து ஜெபமாலை சொல்லுவாக. அப்படி ஒரு நாள் வெயில்ல மயங்கி விழுந்துட்டாக. அதோட அண்ணன் தடை போட்டுட்டாரு. மரம் ஒண்ணு வச்சு நிழல் விழட்டும், அப்புறம் போகலாம்னாரு.

மரம் வைக்கிற வேலையை நான் எடுத்துக்கிட்டேன். காரைக்குடியில பள்ளிக்கூடத்துல தாவரவியல் நடத்துறவ நான். கோயில் வாசல் புங்கமரத்து விதையை மூணு பையில ஊன்றி, மொட்டைமாடி வெயில்லயே வச்சேன். முளைச்சு நாலு இலை விட்டதும் தண்ணியைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சேன். பொட்டல்ல நிக்கப் போற கன்னு, இங்கேயே பழகட்டுமே.

அண்ணனுக்கு அது கொடுமையாப் பட்டுச்சாம். பச்சப்புள்ளையை வெயில்ல போட்டு வாட்டுறாளேன்னு, நான் பள்ளிக்கூடம் போன நேரத்துல ரெண்டு பையைத் தூக்கிக் கிணத்தடி நிழல்ல வச்சு, காலையும் சாயங்காலமும் ஊத்தோ ஊத்துன்னு ஊத்தினாரு. ரெண்டும் சரசரன்னு உசந்துச்சு. உசராம என்ன செய்யும்? நிழல்ல மாட்டின கன்னு வெளிச்சத்தைத் தேடி மெலிஞ்ச தண்டோட மேல ஓடும், இலையை அகல விரிக்கும். தண்ணி காலடியிலயே கிடைச்சா வேர் எதுக்குக் கீழ போகணும்? மாடியில தப்பிச்ச என் கன்னு சாண் உசரந்தான். கட்டைத் தண்டு, தடிச்ச சின்ன இலை. அது மெனக்கெட்டதெல்லாம் வேருக்கு. இதைச் சொன்னா அவரு கேட்டாத்தானே! வாரவுக போறவுககிட்ட அவரோடதையும் என்னோடதையும் காட்டிக் காட்டிச் சிரிச்சாரு.

கார்த்திகை மழையில மூணையும் நட்டோம். மழை நின்னு வெயில் ஏறினதும் அவரு கன்னு ரெண்டும் தலை தொங்கிருச்சு. குடங்குடமா ஊத்தியும் குச்சியாத்தான் போச்சு. என்னோடது சித்திரையில இலையெல்லாம் உதிர்த்துட்டு மொட்டையா நின்னுச்சு. இதுவும் செத்துச்சுன்னாரு அண்ணன், அதுல ஒரு சந்தோஷம் வேற. நகத்தால தண்டைக் கீறிப் பார்த்தேன், உள்ள பச்சை. தண்ணியை மிச்சம் பிடிக்க இலையை விட்டிருக்கு, அவ்வளவுதான். ஆடியில ஒரு மழை விழுந்ததும் துளிர்த்துருச்சு. அம்மாகிட்டச் சொன்னேன். தினம் அதைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தாக.

அப்புறம் கல்லறைத் திருநாள் வந்துச்சு. அதுக்கு முன்னாடி புல் செதுக்கி, கல்லறைக்கு வெள்ளையடிக்கிறது எங்க வழக்கம். அண்ணன் மம்பட்டியோட முதல்லயே போயிட்டாரு. நான் பூவோட போறேன், இடம் துடைச்சு விட்ட மாதிரி இருக்கு. கன்னைக் காணோம். புல் குவியல்ல கிடந்துச்சு. சாண் கன்னுக்கு முழ நீளத்துக்கு வேர், அதுவும் பாதியில அறுந்து. மிச்சம் கெட்டிச் செம்புறாங்கல்லுத் தரைக்குள்ள.

"என்னண்ணே செஞ்சீக?"

"வருசம் ஒண்ணாச்சு, வளரவே இல்ல. அழகா ஒண்ணு வாங்கியாந்திருக்கேன், பாரு."

சுவத்துல சாத்தியிருந்துச்சு, ஆள் உசரத்துக்கு. குச்சியில கட்டாம அதால நிக்க முடியல.

கல்லறைத் தோட்டம்னுகூடப் பார்க்காம நான் கத்தின கத்துல, பக்கத்துக் கல்லறைக்கு வெள்ளையடிச்சவுக திரும்பிப் பார்த்தாக. ஒரு கோடை முழுக்கத் தாக்குப் பிடிச்சு நின்ன உசுரு அது. வெயில் செய்யாததை இந்த மனுசன் ஒரே இழுப்புல செஞ்சுட்டாரு.

வீட்டுக்கு வந்து அம்மாகிட்டச் சொன்னேன். ஆணியில மாட்டியிருந்த குடையை எடுத்தாக. பின்னாலயே வந்த அண்ணன் வாசலை மறிச்சு, புதுக் கன்னு சீக்கிரம் நிழல் குடுக்கும், கொஞ்சம் பொறுங்கன்னாரு.

"நீ நட்டு நட்டுப் பிடுங்கிக்கிட்டே இருப்பா. எனக்கு அத்தனை வருசம் இல்ல," அப்படின்னுட்டு அம்மா அவரை விலக்கிக்கிட்டு வெயில்ல இறங்கிட்டாக.