நெத்திலி காயும் ஹெலிபேடு

ஹெலிபேடை அன்றாடம் பெருக்க வேண்டும், ஒரு கல்கூடக் கிடக்கக் கூடாது என்பது விதி. இந்த ஹெலிபேடைப் பராமரிக்கும் கடற்படை விமானத் தளத்தில் செலவுக் கோப்புகளோடு முப்பது ஆண்டுகள் குப்பை கொட்டியவன் நான். ஓய்வு பெற்றபின் இப்போதுதான் தேங்காய்ப்பட்டணம் பக்கம் வந்து இதை நேரில் பார்க்கிறேன். விதிப்படி கண்ணாடிபோல் இருக்கிறது. வெள்ளை வட்டத்துக்குள் நெத்திலி காய்கிறது.

"மீனுல மண்ணு ஒட்டப்பிடாதுல்லா சாரே, அதான் வெடியக்காலத்த தூத்து வாருதோம்," என்கிறார் மீன் காயப்போடும் ஸ்டெல்லா.

"ஹெலிகாப்டர் வந்தால்?"

"கோயில் மைக்குல சொல்லுவாவ. பத்து நிமிசத்துல அள்ளிருவோம்."

ஆனால் முதல் தேதிக்குள் காலி செய்யும்படி தளத்திலிருந்து நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள்.

"வேற சிமெண்டுத் தரைக்கு நாங்க எங்க போவ? படிச்ச ஆளுதானே, ஒரு மனு எழுதித் தாரும்."

எழுத உட்கார்கிறேன். இவர் செய்வது ஆக்கிரமிப்பா, பராமரிப்பா? எந்த விதியைக் காட்டுவது? எல்லா விதியும் தெரிந்த எனக்கே குழப்பம். 'பொருள்' என்ற இடத்தில் இரண்டையும் எழுதி அனுப்புகிறேன்.

பெருக்க ஆள் நியமிக்கும் வரை மீன் காயலாம் என்று பதில் வருகிறது. அந்த நியமனக் கோப்பு நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலேயே மேசை மேசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா போனில் அழைத்துப் பதிலைப் படித்துக் காட்டியது, கெடு முடியும் அதே முதல் தேதி, சாயங்காலம்.