எல்லாருக்கும் நான்கு

எங்கள் தேயிலைத் தோட்டத்துத் திருவிழா மேடையில் ஒவ்வொருவராக அழைத்து, மனதில் ஓர் எண்ணை நினைக்கச் சொன்னேன். அதை இரட்டிப்பாக்கி, எட்டைக் கூட்டி, பாதியாக்கி, முதலில் நினைத்த எண்ணைக் கழிக்கச் சொன்னேன். விடையை அவரவர் காதில் மட்டும் கிசுகிசுத்தேன். வாய் பிளந்தார்கள்.

மறுநாள் காலை அடுத்த லயத்து வரிசை வீட்டு அக்கா வாசலில் நின்றார்.

"தங்கச்சி, மனசுல உள்ளதையே சொல்லிட்டியே. தொலைஞ்ச என் தோடு எங்க கெடக்குன்னும் பார்த்துச் சொல்லும்மா."

டவுனில் குறி சொல்பவரிடம் ஏற்கெனவே போய்வந்தாராம்.

எனக்குச் சுருக்கென்றது. இதை இப்படியே விடக் கூடாது. அவரைக் குழாயடிக்கு அழைத்துப் போய், தண்ணீர் பிடிக்க நின்ற பெண்கள் எல்லாரையும் ஒரே நேரத்தில் அதே கணக்கைப் போட வைத்தேன்.

"விடையைச் சத்தமாச் சொல்லுங்க."

"நாலு!"

ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"எதை நினைச்சாலும் நாலுதான் வரும். நீங்க கூட்டுன எட்டுல பாதி. மந்திரம் ஒண்ணுமில்ல, கணக்குதான்" என்றேன்.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "தோடு கெழக்கால கெடக்குன்னு அந்தக் குறிகாரர் சொன்னாரே" என்றார் மெல்ல.

பக்கத்தில் நின்றவர் வாளியைக் கீழே வைத்தார்.

"என் சங்கிலிக்கும் கெழக்குன்னுதான் சொன்னாரு."