லைசென்ஸ் வேண்டாத வண்டி

கோச்சடையில் நான் நடத்துவது ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்தான் ஜெராக்ஸ். வருகிறவர்களில் பாதிப்பேர் ஆதார் திருத்தம், வருமானச் சான்று, வண்டி ஓட்டப் பழகுவதற்கான எல்.எல்.ஆர். என்று எதையாவது ஆன்லைனில் போட்டுத்தரச் சொல்லித்தான் வருவார்கள். எல்.எல்.ஆர். போடும்போது உடம்பைப் பற்றிச் சில கேள்விகள் வரும். நான் வாசித்துக் காட்டுவேன்.

"வலிப்பு, திடீர்னு மயக்கம், அந்த மாதிரி எதுவும் இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா" என்று சிரிப்பார்கள். நானும் இல்லை என்று குறித்துவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவேன். என் வீட்டுக்காரருக்கு வலிப்பு வந்த பிறகு அந்தக் கேள்வியை மட்டும் என்னால் ஒழுங்காக வாசிக்க முடிவதில்லை.

அவர் பிஸ்கட் ஏஜென்சி ஒன்றில் சேல்ஸ்மேன். கடை கடையாகப் போய் ஆர்டர் எடுப்பதை அவர்கள் 'லைன் போவது' என்பார்கள். திங்கள் உசிலம்பட்டி லைன், செவ்வாய் எழுமலை லைன் என்று வாரம் முழுக்க பைக்கில்தான் இருப்பார். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால்கூட, தீப்பெட்டி வாங்க நாலு தெரு தாண்டிப் போவார். அப்படிப்பட்டவர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சாய்ந்தார். இரண்டாவது தடவையும் வந்த பிறகு டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: மாத்திரையை நிறுத்தக் கூடாது, ஒரு வருஷத்துக்காவது வண்டியைத் தொடக் கூடாது. பைக்கை என் தம்பி எடுத்துக்கொண்டு போனான். ஏஜென்சியில் இவரை அவனியாபுரத்துக் குடோனில் பெட்டிகளுக்குக் காவலாக உட்கார வைத்தார்கள்.

கோச்சடையிலிருந்து அங்கே போக பஸ் ஏறி, இறங்கி, ஷேர் ஆட்டோவில் இடித்துக்கொண்டு போகவேண்டும். "மூட்டை மாதிரி ஏத்தி இறக்குறாய்ங்க" என்று தினமும் எரிந்து விழுந்தார். ராத்திரிச் சாப்பாட்டில் குறை, ஃபேன் சத்தத்தில் குறை, என்னிடம் குறை. எனக்கும் வாய் சும்மா இருக்காது. வீடு கொதித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் செல்போனில் அந்த வண்டியைக் கண்டுபிடித்தார். பேட்டரி ஸ்கூட்டர். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாது. லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம்.

"பொய்யின்னு சொல்லு பாப்போம்" என்றார்.

எப்படிச் சொல்வேன்? சின்ன மோட்டார், குறைந்த வேகம் என்றால் சைக்கிள் கணக்குத்தான் என்று கடைக்கு வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன்.

"டாக்டர் சொன்னது?"

"டாக்டர் பைக்கைச் சொன்னாரு."

"லைசென்ஸ் வண்டியா இருந்தா வலிப்பு இருக்கான்னு கேட்டிருப்பாங்கள்ல?"

"கேக்காத கேள்விக்கு நான் எதுக்குடி பதில் சொல்லணும்?"

ஷோரூமிலாவது யாராவது தடுக்கமாட்டார்களா என்ற நப்பாசையில் நானும் கூடப் போனேன். "தம்பி, இதை வாங்குறவங்ககிட்ட நீங்க ஒண்ணுமே கேக்க மாட்டீங்களா?" என்று விற்பனையாளரிடம் கேட்டேன்.

"ஆதார் போதும்க்கா."

"உடம்பு எப்படி, என்னன்னு..."

"பேட்டரிக்கு மூணு வருஷம் வாரன்டிக்கா."

இவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! வலிப்பு வந்ததிலிருந்து அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்தச் சிரிப்பில் நானும் கொஞ்சம் இளகிப்போனேன்.

வண்டி வந்த நாளிலிருந்து என் நிம்மதி போனது. காலையில் அவர் தெரு திரும்பியதும் கைபேசியில் அவர் இருக்கும் இடத்தைப் பார்க்கத் தொடங்குவேன். ஒரு நீலப்புள்ளி நகர்ந்துகொண்டே போகும். சிக்னலில் நின்றாலும் புள்ளி நிற்கும், விழுந்தாலும் நிற்கும். எப்படித் தெரிந்துகொள்வது? கூப்பிட்டால் ஓட்டிக்கொண்டே எடுப்பார். கூப்பிடாவிட்டால் அந்தப் புள்ளியை விட்டு என் கண் நகராது. முன்பக்கம் எடுக்கவேண்டிய காகிதத்தில் பின்பக்கத்தை எடுத்து, வந்தவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். வண்டிச் சாவியைப் பிடுங்கப் பார்த்தேன், விடவில்லை. ஒருமுறை சார்ஜரை அரிசி டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன். அவர் குடோனில் வேலை பார்க்கிற ஒருவரிடம் சார்ஜர் வாங்கி அங்கேயே ஏற்றிக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கொழுப்புதான் எனக்குத் தாங்கவில்லை.

கோடை தொடங்கியிருந்தது. ஒருநாள் முற்பகலில் புள்ளி அவனியாபுரத்துக்குள் நுழைந்து நின்றது. குடோன் வருவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றது. நான் ஒரு பெண்ணின் சாதிச் சான்றிதழை நகலெடுத்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு குரல்.

"அக்கா, அண்ணன் கீழ விழுந்துட்டாரு. வலிப்புன்னு நெனைக்கிறோம். வாங்க."

ஷட்டரை இழுத்தேனா, பூட்டினேனா என்று எனக்கு நினைவில்லை. ஆட்டோவில் போனேன். வழியெல்லாம் டிரைவரை விரட்டினேன், என் வீட்டுக்காரரைத் திட்டினேன், சாமியையும் திட்டினேன்.

சாலையோரம் ஒரு வேப்பமரம். அடியில் அவர் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் மண், முழங்கை உரிந்திருந்தது. வலது கையில் வண்டிச் சாவியை இறுகப் பிடித்திருந்தார். வலிப்புக்காரன் கையில் இரும்பு கொடுக்கவேண்டும் என்று யாரோ வண்டியை அணைத்துச் சாவியை எடுத்து அவர் கையிலேயே திணித்திருந்தார்கள். எந்தச் சாவியை நான் மாதக்கணக்கில் பிடுங்கப் பார்த்தேனோ, அதை ஊரே கூடி அவர் கையில் கொடுத்திருக்கிறது. அந்த நேரத்திலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" என்றார் என்னைப் பார்த்ததும். நாக்கு தடித்திருந்தது.

"இல்ல" என்றேன். எனக்கு அதுவரை எதுவும் தெரியாது.

கொய்யாப்பழம் விற்கும் பெண்தான் என்னைத் தனியாக அழைத்தாள். வண்டி அவளுடைய தள்ளுவண்டியில் முட்டி நின்றிருந்தது. "சத்தமே இல்லாம வந்துச்சுக்கா. நான் திரும்பிக்கூடப் பாக்கல" என்றாள். தள்ளுவண்டிக்கு அடியில் சேலையில் தொட்டில் கட்டியிருந்தாள். உள்ளே ஒரு கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஸ்கூட்டரின் முன் சக்கரத்துக்கும் அந்தச் சேலைக்கும் நடுவில் என் ஒரு கை மட்டும்தான் நுழையும். நுழைத்துப் பார்த்தேன்.

அவருக்குத் தெரியவேண்டாம் என்று ஒரு நொடி நினைத்தேன். அப்புறம் போய் அவர் தோளைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்து காட்டினேன். அவர் குனிந்து பார்த்தார். சக்கரத்தைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார். அப்படியே தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு இன்னும் மயக்கம் தெளியவில்லை என்று நினைத்து அந்தப் பெண் ஒரு கொய்யாவைக் கீறி மிளகாய்ப்பொடி தூவி நீட்டினாள். "சாப்பிடுங்கண்ணே. தெம்பா இருக்கும்."

அவர் அதை வாங்கவில்லை. வாய்விட்டு அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"இனிமே தொடமாட்டேன்" என்றார்.

வண்டியைக் குடோன்காரர்கள் உருட்டிக்கொண்டு போனார்கள். முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். சன்னலோரம் இரண்டு பேர் உட்காரும் இருக்கை ஒன்று காலியாக இருந்தது. வெயில் அடிக்கும், அந்தப் பக்கம் வேண்டாம், உள்ளே தள்ளி உட்காருங்கள் என்றேன். உட்கார்ந்தார். தண்ணீர் குடிக்கச் சொன்னேன். குடித்தார். இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அத்தனை பேர் பார்க்கப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னதற்கு மறுசொல் சொல்லாமல் இருந்த மனுஷனே இல்லை அவர். இறங்கி நடக்கும்போது, ஒருதடவையாவது என்னைத் திட்டமாட்டாரா என்று தவித்துக்கொண்டே நடந்தேன்.