குற்றாலத்தில் ஒரு அண்டா வெந்நீர்

சென்னையில் எங்கள் ஜப்பானியல் ஆய்வுச் சங்கத்தில் மொத்தம் எட்டுப் பேர். எட்டுப் பேரில் ஒருவர்கூட ஜப்பானியரை நேரில் பார்த்ததில்லை. அறுபதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதம், சாரல் பிடித்ததும் ஆண்டுக் கூட்டத்தைக் குற்றாலத்தில் வைத்தோம். அதற்கு ஜப்பானிலிருந்தே ஒரு பேராசிரியை வந்தார். எங்களில் ஒருவரை உதவித்தொகையில் தம் பல்கலைக்கழகத்துக்கு அவர் தேர்ந்தெடுப்பதாக ஏற்பாடு. எனக்கு இருபத்தாறு வயது. வீட்டில் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

நான் ஒருத்திதான் பெண் என்பதால் அவரை ரயிலில் அழைத்துவரும் பொறுப்பு என் தலையில். மனப்பாடம் செய்து வைத்திருந்த ஜப்பானிய வாக்கியங்கள் தொண்டையைத் தாண்டவில்லை. புத்தகத்தில் படித்த மொழி, அவர் காதில் விழுந்தால் என்ன ஆகுமோ என்று பயம். ஆங்கிலத்திலேயே ஒப்பேற்றினேன். தென்காசியிலிருந்து குற்றாலத்துக்கு மூன்றரை மைல், குதிரை வண்டிக்கு ஒரு ரூபாய். “ஏன் ஜப்பானைப் படிக்கிறாய்?” என்று வழியில் கேட்டார். பண்பாட்டு உறவு, ஆசிய ஒற்றுமை என்று எங்கள் ஆண்டறிக்கையை ஒப்பித்தேன். அவர் வயல் பக்கம் திரும்பிக்கொண்டார். போச்சு என்று நினைத்தேன்.

நாங்கள் தங்க எடுத்திருந்த பங்களாவில் ஒரே புகை. ஜப்பானியர் கொதிக்கக் கொதிக்கத்தான் குளிப்பார்கள் என்று எல்லாப் புத்தகமும் சொல்லியதால், முன்னாலேயே வந்துவிட்ட சங்கத் தலைவர் ஒரு அண்டா வெந்நீர் போடச் சொல்லியிருந்தார்.

“தொட்டா தோலு உரிஞ்சிரும்மா. விடியதுக்கு முன்னயே இருந்து எரிக்கேன்,” என்றார் காவல்கார அண்ணாச்சி பெருமையாக.

பேராசிரியை அண்டாவைப் பார்த்தார். அருவிச் சத்தம் வந்த திசையைப் பார்த்தார். “அது எங்கே இருக்கிறது?” என்று மட்டும் கேட்டார். தலைவர் முகத்தில் ஈயாடவில்லை.

பேராசிரியை என் பழைய சேலையைக் கட்டிக்கொண்டு, பேரருவியில் பெண்கள் பக்கம் நேரே நுழைந்துவிட்டார். நான் ஓரத்திலேயே நின்றேன். இவர் வழுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது? தலையில் எண்ணெய் வடிய நின்ற ஒரு அம்மாள் என் கையைப் பிடித்து இழுத்தாள்.

“ஏட்டி, இங்கன வந்து வேடிக்கையா பாக்க? தலையக் குடு, ஒண்ணும் செய்யாது.”

அருவி தலையில் இறங்கியதும் மூச்சு முட்டியது. பேராசிரியை என் காதருகே கத்தினார். வண்டியில் கேட்ட அதே கேள்வி, இந்த முறை ஜப்பானிய மொழியில். இந்த இரைச்சலில் என் பிழையை யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்று எனக்கும் தைரியம் வந்துவிட்டது. “என்னை யாருக்குமே தெரியாத ஓர் ஊரில் கொஞ்ச காலம் இருக்க வேண்டும்,” என்று அவர் மொழியிலேயே கத்தினேன். அவர் மறுபடி அருவிக்குள் தலையைக் கொடுத்தார். என் பதில் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. கூட்டம் நடந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

குற்றாலம் போகிறவர்கள் காலையிலேயே அருவிக்குப் போய்விடுங்கள், பிறகு கூட்டம் நெருக்கும். மாற்றுத்துணி கூடுதலாக இருக்கட்டும், சாரலில் எதுவும் காயாது. விருந்தாளியை அழைத்துப்போனால், என்ன வேண்டும் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

திரும்பும்போது தென்காசி நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தோம். “உன்னிடம் கம்பளி உடை இருக்கிறதா?” என்று பேராசிரியை கேட்டார். சாரல் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று பதறி, தலைவரிடம் போர்வை வாங்கிவர எழுந்தேன்.

“எனக்காகக் கேட்கவில்லை,” என்றார். “எங்கள் ஊரில் டிசம்பரில் பனி கொட்டும்.”